மூன்றாவது மடலில் ஒரு பிசிறு

தாளை வெட்டுகிற ஒரே ஒரு டையை வைத்து எத்தனை விதமாகக் கல்யாணக் கார்டு செய்யலாம் என்று என்னைக் கேட்டால் ஒன்பது விதம் என்பேன். அதில் மூன்றுதான் நான் யோசித்தவை. மற்ற ஆறும் என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண் யோசித்தவை. அந்தப் பெண்ணைத் திருடி என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவும் இல்லை.

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அச்சகம். காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் மிஷின் ஒன்று இருந்தது. தொண்ணூற்றாறில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பால் டிப்போ ரசீது எல்லாமே ஈய எழுத்துக் கோத்து அதில்தான் அடித்தோம். பிறகு தேனியில் ஆப்செட் வந்தது. கலர் கலராக, சாமி படத்தோடு, ஒரே நாளில் அடித்துக் கொடுத்தார்கள். எங்களிடம் வர யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. என் வீட்டுக்காரர் இரண்டு வருடம் மிஷினைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். பிறகு கம்பத்தில் ஒரு உரக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். மிஷினை விற்றுவிடலாம் என்றார். நான் விடவில்லை. பழைய இரும்பு எடைக்குத்தான் எடுப்பார்கள் என்று தெரியும்.

மிஷினோடு மிச்சமிருந்தது ஒரு டை. சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டக்காரர், தன் மகள் கல்யாணத்துக்குக் கார்டிலேயே திராட்சை இலை வரவேண்டும் என்று கேட்டிருந்தார். என் வீட்டுக்காரர் சிவகாசிக்குப் போய்ச் சொல்லிச் செய்து வாங்கிவந்தார். உள்ளங்கை அகலப் பலகை. அதில் இலையின் ஓரம் மாதிரியே பள்ளம் அறுத்து, கூரான இரும்புத் தகட்டை வளைத்துச் செருகியிருந்தார்கள். ஐந்து மடல், கீழே ஒரு காம்பு. மிஷினில் மாட்டித் தாளை வைத்து மிதித்தால் தாள் இலையாக வெட்டுப்பட்டு வரும். தகட்டின் இரண்டு முனையும் காம்பின் இடது பக்கம் வந்து சேரும். அந்த மூட்டில் மயிரிழை இடைவெளி உண்டு. வெட்டுகிற ஒவ்வொரு இலையிலும் காம்போரம் ஒரு சின்னத் தாடி போலத் தாள் துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் எங்கள் டைக்கு அடையாளம் என்று நான் நினைத்திருந்தேன்.

“இந்த இலை உங்களுக்கு மட்டுந்தான். வரைஞ்ச தாளைக்கூடக் கிழிச்சுப் போட்டுட்டேன்” என்று சிவகாசிக்காரர் என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். நாங்கள் நம்பினோம்.

அந்த டையை வைத்துக்கொண்டுதான் நான் கையால் கார்டு செய்ய ஆரம்பித்தேன். மதுரையிலிருந்து நார் நாராகத் தெரிகிற தடித்த காகிதம் வரவழைத்தேன். அட்டையின் முகப்பில் இலையை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே பச்சைத் தாள் ஒட்டினால் ஜன்னல் வழியாக இலை தெரியும். அது ஒரு விதம். வெட்டி எடுத்த இலையைத் தூக்கிப் போடாமல் தாம்பூலப் பையில் நூல் கோத்துக் கட்டினேன். அது இரண்டு. இரண்டு இலையை முதுகோடு முதுகு ஒட்டி உறையை மூடுகிற முத்திரையாக வைத்தேன். மூன்று. அதோடு என் மூளை நின்றுவிட்டது.

ஆனால் கார்டு கேட்டு வருகிற ஒவ்வொரு வீட்டாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “இது வேற யாருக்கும் போட்டிருக்கீகளா?” ஆப்செட் கார்டு ஊரெல்லாம் ஒன்றுபோலவே இருந்ததால்தான் அவர்கள் என்னிடம் வந்தார்கள். போட்டிருக்கிறேன் என்றால் எழுந்து போய்விடுவார்கள். அதனால், “இல்லம்மா, உங்க வீட்டுக்கு மட்டுந்தான்” என்று சொல்லுவேன். எல்லோரிடமும் சொன்னேன். கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

இப்படிப் பொய் சொல்கிறவளுக்கு எல்லாரும் பொய்யராகத்தான் தெரிவார்கள். இது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது.

அந்தப் பெண் பள்ளிவாசல் தெருவில் இருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். புருஷன் குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டினார். ஒரே மகள், அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தது. கார்டு மடிக்க, ஒட்ட ஆள் வேண்டும் என்று கேட்டபோது வந்தாள். வந்த இரண்டாம் வாரமே வாயைத் திறந்தாள்.

“அக்கா, தாளை முழுசா உள்ள விடாதீக. பாதி விட்டு மிதிங்க.”

“பாதி விட்டா பாதி எலதான வரும்?”

“வரட்டுமே. மிதிச்சுத்தான் பாருங்களேன். தாளு என்ன, உங்களைக் கடிச்சா வச்சிரும்?”

மிதித்தேன். தாளின் ஓரத்தில் மேல் மூன்று மடல் மட்டும் வளைந்து வளைந்து விழுந்தது. தாளைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு மிதி. இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று. கார்டின் விளிம்பு முழுக்க ஜரிகைக் கரை போல வந்து நின்றது. அதில் இலை இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்து, கார்டை முதலில் மடித்து, மடிப்பு டையின் நடுவில் வருகிற மாதிரி வைத்து வெட்டச் சொன்னாள். மடிப்பில் வெட்டு விழாது. பாதி இலை, பிரித்தால் முழு இலை. கார்டே இலை. அப்புறம் மிஷினில் தாளைத் தாங்குகிற தகரத்துக்கு அடியில், அழுத்தம் கூட்ட வைக்கிற பேக்கிங் அட்டையில் இரண்டை உருவச் சொன்னாள். அழுத்தம் குறைந்தது. டை தாளை வெட்டாமல் கோடு மட்டும் பதித்தது. மையும் இல்லை, வெட்டும் இல்லை. விரலால் தடவினால்தான் இலை இருப்பது தெரியும். ஆனைமலையான்பட்டியிலிருந்து வந்த ஒரு வாத்தியார் அந்தக் கார்டைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணுமே இல்லாம இவ்வளவு இருக்கே” என்றார். நான் செய்தது போலத் தலையாட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தாள். 

ஒரு வருடம் போனதும் கூலியைக் கூட்டித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

“எனக்கு வேற ஒண்ணு வேணும்க்கா. எம் மகளுக்கு நிக்காஹ் வரும்போது இந்த எலையில நான் கார்டு போட்டுக்குறேன். இதுவரைக்கும் எந்த வீட்டுக்கும் போடாத மாதிரி. மொத கார்டு வீட்டை விட்டுப் போற வரைக்கும் வெளியாளு கண்ணுல படக்கூடாது. நீங்க பாக்கக்கூடாது.”

“நான் பாத்தா என்னடி?”

“நீங்க பாத்தா மறுநாளே கம்பத்துக்காரவுகளுக்குக் காட்டிருவீக. உங்க வீட்டுக்கு மட்டுந்தான்னு சொல்லிருவீக.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சரி என்றேன். மகள் படித்துக்கொண்டிருந்தது, கல்யாணம் எங்கேயோ தூரத்தில் இருந்தது. அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். டையை மாட்டும்போதெல்லாம் ஒருமுறையாவது அதைச் சொல்லுவாள். “இது வேற வீட்டுக்கு. எம் மகளுக்கு இருக்கு தனியா.”

இரண்டாயிரத்து நாலு என்று நினைக்கிறேன். ஒரு சனிக்கிழமை குச்சனூரில் என் சின்னம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கோயிலுக்கு வந்த கூட்டத்தில் பஸ்ஸுக்குள் நசுங்கி, எரிச்சலோடுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். டிவி மேல் ஒரு கார்டு சாய்த்து வைத்திருந்தது. ஆரஞ்சு அட்டை. முகப்பில் என் இலை.

எடுத்துப் பார்த்தேன். ஐந்து மடல். காம்பின் இடது பக்கம் தாடி.

“இது எங்கன அடிச்சது?”

“தேனில எங்கனயோ அடிச்சாகளாம். பொண்ணு சடங்கு வச்சாக, அதுக்கு வந்துச்சு. ஏன்க்கா, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆரஞ்சு அட்டை நாங்கள் வாங்கியதே இல்லை. அப்படியானால் யாரோ அட்டையைக் கொண்டுவந்து என் மிஷினில், என் டையில் வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். சாவி என்னிடம் ஒன்று, அவளிடம் ஒன்று. காலையில் கடையைத் திறந்து பெருக்குவது அவள்தான். நான் சமையலை முடித்து முன்னறைக்கு வரப் பத்து மணி ஆகும். கணக்கு எனக்குச் சரியாக வந்தது.

வீட்டுக்காரரையும் விடவில்லை.

“ஏங்க, நம்ம டையை யாருக்காச்சும் குடுத்தீகளா?”

“யூரியா மூடை வேணும்னா குடுத்திருக்கேன். டையை நான் தொட்டு ரெண்டு வருசமாச்சு. ஏன், எம்மேலயும் சந்தேகமா?”

“இருந்துச்சு. இப்ப இல்ல.”

“ரொம்பச் சந்தோசம். சோத்தைப் போடு.”

அன்றிலிருந்து அவளைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். மிஷினின் மிதிப்பலகையில் கறுப்பு நூல் ஒன்றைக் குறுக்கே கட்டி வைத்தேன். மறுநாள் அது அறுந்து கிடந்தது. அவள் பெருக்கும்போது விளக்குமாறு பட்டும் அறுந்திருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை, தோன்றவிடவும் இல்லை. அவள் குரலைத் தாழ்த்திப் பேசினால் சந்தேகம். சிரித்தால் அதிகச் சந்தேகம். புருஷன் ஜீப்பில் வந்து வாசலில் நின்று ஏதோ சொல்லிவிட்டுப் போனால், ஜீப்புக்குள் ஆரஞ்சு அட்டை இருக்கிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பலாப்பழம்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் பேக்கிங் அட்டையை மாற்றுவதற்காகத் தகரத்தைத் தூக்கினேன். அட்டையில் ஓரிடத்தில் ஓட்டை. விரல் நுனி அளவு, பிளேடால் சுத்தமாக அறுத்தது. காம்பு வருகிற இடத்துக்கு நேர் கீழே.

“இந்த ஓட்டை யாரு போட்டது?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடி தாமதித்தாள்.

“எலியா இருக்கும்க்கா.”

எலி சதுரமாக அறுக்காது. அவள் பொய் சொல்கிறாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதில் நான் தப்புச் செய்யவில்லை. அவள் பொய்தான் சொன்னாள். எதற்காகச் சொன்னாள் என்பதில்தான் தவறினேன்.

அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லாதபோது டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். முக்கோண அரம் எடுத்து மூன்றாவது மடலின் உச்சியில் தகட்டை லேசாக ராவினேன். மூன்றே இழுப்பு. அந்த இடத்தில் மட்டும் கூர் போனது. இனி இந்த டையில் வெட்டுகிற ஒவ்வொரு இலையிலும் அந்த இடம் அறுபடாமல் ஒட்டிக்கொள்ளும். பிய்த்து எடுத்தால் ஒரு பிசிறு நிற்கும். ஊரில் எங்கே என் இலையைப் பார்த்தாலும் பிசிறை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். என் பிழைப்புக்கு இருந்த ஒரே டையை நானே கெடுத்தேன். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

அந்த வாரமே கம்பத்திலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. ஏலக்காய் வியாபாரி வீடு. வந்த அம்மா என் கார்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வாசனையும் பார்த்தார். ஜன்னல் வைத்த கார்டையே இரண்டு அடுக்காக, முன்னால் ஒரு இலையும் பின்னால் தலைகீழாக ஒரு இலையும் தெரிகிற மாதிரிச் செய்து காட்டினோம். அதுவும் அவள் யோசனைதான்.

“இது வேற யாருக்கும்...”

“இல்லம்மா. உங்க வீட்டுக்கு மட்டுந்தான்.”

எழுநூறு கார்டு. ஒரு கார்டுக்கு இரண்டு இலை. மிதிக்க மிதிக்க ஒவ்வொரு இலையிலும் பிசிறு வந்தது. நான் எதுவும் தெரியாதவள் மாதிரி மிதித்துக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு இலையை எடுத்துக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தாள். டையைக் குனிந்து பார்த்தாள். விரலை வைத்துத் தடவினாள். என்னைப் பார்த்தாள். கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பையிலிருந்து அரை பிளேடை எடுத்துப் பிசிறை நறுக்க ஆரம்பித்தாள்.

ஆறு நாள் நறுக்கினாள். கட்டை விரலில் துணி சுற்றிக்கொண்டு நறுக்கினாள். மடலின் வளைவோடு பிளேடைத் திருப்பி ஒரே இழுப்பு. வெட்டு விழுந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ‘டை என்ன ஆச்சுக்கா’ என்று ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? மனதில் கள்ளம் இல்லாதவள் கேட்டிருப்பாளே? இப்படித்தான் என் மூளை ஓடியது.

கார்டுகளைக் கொடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, கம்பத்து அம்மா காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு கார்டு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“எங்க வீட்டுக்கு மட்டும்னு சொன்னீகள்ல? இந்தா, போடியில இருந்து வந்துருக்கு. இது என்ன எலை? முருங்க எலையா?”

மஞ்சள் அட்டை. அதே ஐந்து மடல். அதே தாடி.  நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் உட்கார்ந்திருந்த அவள் எழுந்து வந்தாள். கார்டை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள்.

“அம்மா, இது எங்க டையில வெட்டுனது இல்லங்க. வேணும்னா எழுதித் தர்றோம். உங்க மாதிரி ரெண்டடுக்கு இதுல இருக்கா பாருங்க. வெறும் எலை. வெறும் எலை எவன் வேணும்னாலும் வெட்டுவான்.”

அந்த அம்மா இரண்டு கார்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் தணிந்தார். “என்னமோ போங்க. எங்க வீட்டுக்காரவுக பாத்தா என்னையத்தான் ஏசுவாக” என்று சொல்லிவிட்டுப் போனார். என் மானத்தைக் காப்பாற்றியவள் அவள். கார் திரும்பிப் போனதும் நான் கேட்டது இதுதான்:

“எங்க டை இல்லன்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொன்ன?”

“அதுல பிசிறு இல்லையேக்கா.”

“நறுக்கியிருந்தா?”

“யாரு?”

“நீதான். உன்னைய மாதிரி நறுக்குறதுக்கு இந்தப் பக்கத்துல வேற எவ இருக்கா?”

அவள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே அந்தப் பையை அவள் ஆணியில் மாட்டுவதில்லை. கூடவே வைத்துக்கொள்வாள். அதுவும் எனக்குத் தெரியும், அதையும் குறித்து வைத்திருந்தேன். குச்சனூர் கார்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டேன். அறுந்த நூலைச் சொன்னேன். பேக்கிங் ஓட்டையைச் சொன்னேன். தேனியில் எவனுக்கு வெட்டிக் கொடுக்கிறாய் என்று கேட்டேன். குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

“பையைத் தொற.”

“வேணாம்க்கா.”

“தொறன்னா தொற.”

“அக்கா, இதை மட்டும் பாக்காதீக. கையெடுத்துக் கும்புடுறேன். ரெண்டு மாசம் பொறுங்க.”

அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பையைப் பிடுங்கினேன். கவிழ்த்தேன்.

டிபன் டப்பா, பர்ஸ், அரை பிளேடு, ஆபீஸ்களில் தாளுக்கு ஓட்டை போடுகிற பஞ்சிங் மிஷின் ஒன்று. ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் நான்கு கார்டு. மேலே கிடந்ததைப் பிரித்தேன். பிரித்ததும் உள்ளேயிருந்து மூன்று இலை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்றன. காம்பில் மட்டும் அறுபடாமல், அட்டையோடு அட்டையாகவே. அதற்குத்தான் பேக்கிங்கில் அந்த ஓட்டை. அங்கே அழுத்தம் இல்லாததால் காம்பு வெட்டுப்படாது. இலைகளின் குறுக்கே பச்சை நூல் கொடியாக ஓடியது. பின் இலைக்கு அடியில் ஒரு கொத்துத் திராட்சை தொங்கியது. பஞ்சிங் மிஷினில் விழுகிற வட்டப் பொட்டுகளை ஊதாத் தாளில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி ஒட்டியிருந்தாள். கார்டை மூடினால் எல்லாம் படுத்துக்கொள்ளும். திறந்தால் பந்தல் எழும். எங்கள் கடைக் கழிவுத் தாளில் செய்து பார்த்த மாதிரிக் கார்டு அது. மூன்றாவது மடலில் பிசிறு இல்லை. நறுக்கியிருந்தாள்.

நான் கார்டைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு நின்றேன்.

“மாப்ள பாத்தாச்சு” என்றாள். “ஜமாத்துல எழுதி முடிக்கிற வரைக்கும் வெளிய விடக்கூடாதுன்னு மாப்ள வீட்ல சொல்லிட்டாக. அதான் உங்ககிட்டயும் சொல்லல. எலின்னு பொய் சொன்னேன். அது தப்புத்தான்.”

கீழே கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். குச்சனூர் கார்டை எடுத்துக் காம்பைக் காட்டினாள்.

“இந்தத் தாடியை வச்சா கண்டுபிடிச்சீக? எந்த டையா இருந்தாலும் மூட்டைக் காம்புலதானக்கா வப்பாக. வளைவுல வச்சா தகடு நிக்காது. செஞ்சவனே இன்னொண்ணு செஞ்சா இன்னொரு தாடியும் அங்கனதான் வரும்.”

நான் அந்தக் காம்பையே பார்த்தேன்.

“மூணாவது மடலு அரத்தால ராவுனது. தேஞ்சது இல்ல. அரத்துல இரும்புத் தூளு ஒட்டியிருந்துச்சு, மேசை டிராயர்லயே இருந்துச்சு. மொத நாளே பாத்துட்டேன். நீங்க எதுக்கோ செஞ்சிருக்கீக, நமக்கு என்னன்னு இருந்துட்டேன்.” கட்டை விரலைப் பார்த்துக்கொண்டாள். “ஆயிரத்து நானூறு எலை.”

என் கையிலிருந்த கார்டை வாங்கிக்கொள்வாள் என்று நீட்டினேன். வாங்கவில்லை.

“வச்சுக்கங்க. பாத்தாச்சுல்ல.”

சாவியை மிஷின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் எஸ்டிடி பூத்திலிருந்து சிவகாசிக்குப் போன் போட்டேன். ஆமாம், அந்த இலை நாலைந்து பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன் என்றார் அந்த ஆள். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். “எங்களுக்கு மட்டும்னு சொன்னீகளே” என்று கத்தினேன். “எல்லாருகிட்டயும் சொல்றதுதானம்மா அது” என்றார். அந்த ஆளைத் திட்டுவதற்கு என்னிடம் வார்த்தை இருந்தது. ஆனால் எந்த வாயால் திட்டுவது? போனை வைத்துவிட்டேன்.

அவள் வீட்டுக்கு மூன்று முறை போனேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. முதல் முறை மகளுக்கு மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டேன். இரண்டாம் முறை வேலை நிறைய இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு முறையும் டீ போட்டுக் கொடுத்தாள். அவளிடம் கோபம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பிறகு நானே உட்கார்ந்தேன். அவள் விட்டுப்போன மாதிரியை முன்னால் வைத்துக்கொண்டு பேக்கிங்கில் ஓட்டை அறுத்தேன். நான்கு தடவை தவறி, ஐந்தாவது தடவை காம்பு நின்றது. முந்நூறு கார்டு. தொள்ளாயிரம் இலை. ஒவ்வொன்றிலும் பிசிறு. நானே நறுக்கினேன். ஊதாப் பொட்டு போட்டுப் போட்டு உள்ளங்கை கன்றிப்போனது. வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

“யாருக்கு இது? ஆர்டரா?”

“இல்ல.”

“பின்ன?”

“பின்ன ஒண்ணுமில்ல. போங்க அங்கிட்டு.”

பெயர் அடிக்க இடம் விட்டு, அட்டைப் பெட்டியில் அடுக்கி, மூன்றாம் முறையாக அவள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். மகள்தான் கதவைத் திறந்தது. அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். பெட்டியைத் திறந்து ஒரு கார்டை எடுத்துப் பிரித்தாள். மூன்று இலையும் எழுந்து நின்றன. மகள், “ஐ, நல்லாருக்கும்மா” என்றது. அவள் மூன்றாவது மடலை விரலால் தடவினாள். என்னைப் பார்க்கவில்லை.

“கார்டு தேனியில குடுத்தாச்சுக்கா. நேத்து வந்துருச்சு.”

உள்ளே போய் எடுத்துவந்து, இரண்டு கையாலும் எனக்குக் கொடுத்தாள். “நீங்களும் அண்ணனும் கண்டிப்பா வரணும்.” முறைப்படி அழைத்தாள். பளபளப்பான ஆப்செட் கார்டு. ஓரத்தில் ரோஜாப்பூ. அதே ரோஜாப்பூவை அந்த வருடம் மட்டும் எத்தனை கார்டில் பார்த்திருக்கிறேன். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

கல்யாணத்துக்குப் போனோம். பிரியாணி சாப்பிட்டோம். பந்தியில் நான் உட்கார்ந்த இடத்துக்கு வந்து, “சாப்புட்டீகளாக்கா? கத்தரிக்கா வச்சாகளா?” என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். பட்டுச்சேலையில் இருந்தாள். கட்டை விரலில் தழும்பு இருந்ததா என்று பார்த்தேன். மருதாணி வைத்திருந்தாள், தெரியவில்லை.

அதன் பிறகு ஐந்தாறு வருடம் கடை ஓட்டினேன். எட்டு விதமும் செய்தேன். யாராவது கேட்டால் “போட்டிருக்கேம்மா, நிறையப் பேருக்குப் போட்டிருக்கேன்” என்று சொன்னேன். பாதிப் பேர் எழுந்து போனார்கள். போகட்டும். ஒன்பதாவது விதத்தை, அந்தப் பந்தல் கார்டை, யாருக்கும் செய்யவில்லை. கம்பத்து அம்மா இரண்டாவது மகளுக்குக் கார்டு கேட்டு வந்தபோது, பெட்டியைத் தானே திறந்து பார்த்துவிட்டு இதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். என்ன விலை வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். இது வேறு வீட்டுக்கு என்றேன். எந்த வீடு, எப்போது கல்யாணம் என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

இரண்டாயிரத்துப் பத்தில் மிஷினை எடைக்குத்தான் போட்டோம். டையைக் கொடுக்கவில்லை. முந்நூறு கார்டும் பீரோவுக்கு மேலே பெட்டியில் இருக்கிறது. அவள் செய்த ஒன்றும் அதற்குள் கிடக்கிறது. எது அவளுடையது என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. மூன்றாவது மடலில் விரலை வைத்துத் தடவினால் தெரியும். என்னுடைய முந்நூறிலும் அந்த இடம் லேசாகக் குத்தும்.